மூணு நிறம், ஒரு டார்ச்: ராயபுரத்துல இருந்து காசிமேடு வரைக்கும்

ராத்திரி வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன்ல லோக்கல் ட்ரெயினுக்காக நிக்கிறீங்க. ஒரு எக்ஸ்பிரஸ் நிக்காம தடதடன்னு போகுது. அதோட கடைசிப் பெட்டிய கவனிச்சிருக்கீங்களா? சில சமயம் அங்க ஒருத்தர் கையில பச்சை வெளிச்சம் தெரியும். அவர்தான் கார்டு. 2022ல இருந்து அந்தப் பதவிக்குப் பேரு ட்ரெயின் மேனேஜர். அவர் கையில இருக்கிறது சிவப்பு, பச்சை, வெள்ளைன்னு மூணு நிறம் காட்டுற டார்ச்.

இன்னைக்கு ஆன்லைன்ல தேடினா மல்டிகலர் டார்ச் நூறு விதமா வருது. எதை வாங்குறதுன்னு குழப்பமா இருக்கா? ஸ்டார் ரேட்டிங்க விடுங்க, ரயில்வேயோட கதைய ஒரு தடவை கேளுங்க.

1856 ஜூலை 1. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் பாதை ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் திறந்தாங்க. அப்ப கரண்ட் கிடையாது. எண்ணெய் விளக்கு, அதுக்கு முன்னாடி கலர் கண்ணாடி. கை விளக்குல அந்தக் கண்ணாடிய திருப்பினா நிறம் மாறும், அவ்வளவுதான் டெக்னாலஜி.

இப்ப ஒரு ஆச்சரியம். பிரிட்டிஷ் ரயில்வேயில அந்தக் காலத்துல 'போகலாம்'னு சொன்னது பச்சை இல்ல, வெள்ளை. பச்சைன்னா 'ஜாக்கிரதை'. சிவப்பு மட்டும் அன்னைக்கும் 'நில்லு'தான். இதுல ஒரு பெரிய ஓட்டை இருந்துச்சு. சிவப்புக் கண்ணாடி உடைஞ்சு விழுந்துட்டா பின்னாடி இருக்கிற வெள்ளை வெளிச்சம் தெரியும். நிறுத்த வேண்டிய விளக்கே 'வா, வா'ன்னு கூப்பிடும். போதாததுக்கு ஊர்ல தெரு விளக்கும் பெருகிடுச்சு. எது சிக்னல், எது வீட்டு விளக்குன்னு டிரைவருக்குப் புரியல. அதனால 19ஆம் நூற்றாண்டு முடியிற சமயத்துல வெள்ளைய தூக்கிட்டு, பச்சைக்கு 'போகலாம்'ங்கிற அர்த்தத்தைக் கொடுத்தாங்க.

அடுத்த சிக்கல் விளக்குல இல்ல, கண்ணுல. 1875ல ஸ்வீடன்ல லாகர்லுண்டாங்கிற இடத்துல ரெண்டு ரயில் மோதி 9 பேர் செத்துட்டாங்க. ஊழியர்ல யாருக்காவது நிறக்குருடு இருந்திருக்கலாமோன்னு ஹோல்ம்கிரென்ங்கிற விஞ்ஞானி சந்தேகப்பட்டார். கலர் கலரா கம்பளி நூல் கொடுத்து, ஒரே மாதிரி இருக்கிறதைப் பிரிக்கச் சொல்லி ஊழியர்களைச் சோதிச்சார். இன்னைக்கும் நம்ம ஊர்ல லோகோ பைலட், கார்டு, பாயின்ட்ஸ்மேன் எல்லாரும் நிறப் பார்வை டெஸ்ட் பாஸ் பண்ணாம வேலைக்குச் சேர முடியாது.

இந்திய ரயில்வே விதியில இன்னொரு அழகான விஷயம் இருக்கு. கையில சிவப்பு விளக்கு இல்லன்னா, வெள்ளை விளக்க உடம்புக்குக் குறுக்கே வேகமா ஆட்டணும். அதுவும் 'நில்லு'தான். பச்சைய அசைக்காம பிடிச்சா 'போகலாம்'. மெதுவா மேலயும் கீழயும் ஆட்டினா 'பார்த்துப் போ'. அதாவது நிறம் பாதி மொழி, கை அசைவு மீதி மொழி. ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு காப்பாத்தும்.

வியாசர்பாடியில இருந்து கொஞ்ச தூரம் கிழக்க போனா காசிமேடு மீன்பிடித் துறைமுகம். அங்கயும் இதே மூணு நிறம்தான், ஆனா அர்த்தமே வேற. கடல் விதிப்படி படகோட இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. எதிர்ல வர்ற படகு எந்தப் பக்கமாப் போகுதுன்னு அதை வச்சுக் கண்டுபிடிக்கலாம். இழுவலை போடுற படகு பச்சைக்குக் கீழ வெள்ளை காட்டணும். வேற வகையில மீன் பிடிக்கிற படகு சிவப்புக்குக் கீழ வெள்ளை. ரயில்ல சிவப்புன்னா 'நில்லு'. கடல்ல 'இது என் இடது பக்கம்'.

சரி, நீங்க டார்ச் வாங்கும்போது இதுல என்ன எடுத்துக்கலாம்? முதல் கேள்வி: வெளிச்சம் யாருக்கு? உங்க கண்ணுக்கா, அடுத்தவர் கண்ணுக்கா? மொட்டை மாடியில நட்சத்திரம் பார்க்கவோ, தூங்குறவங்களை எழுப்பாம பை தேடவோன்னா, மங்கலான சிவப்பு போதும். இருட்டுக்குக் கண்ணு முழுசாப் பழக அரை மணி நேரம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடியில அதைக் கெடுத்துடும், மங்கலான சிவப்பு அவ்வளவு கெடுக்காது. ஆனா சிவப்பு மையில எழுதினது அந்த வெளிச்சத்துல மறைஞ்சு போகும். வயர் கலர் பிரிக்கணும், காயம் பார்க்கணும்னா வெள்ளைதான் வேணும்.

ரெண்டாவது கேள்வி: தப்பா அமுக்கினா என்ன ஆகும்? சிவப்பு தேடும்போது முதல்ல முழு வெள்ளை பளிச்சுன்னு எரியிற டார்ச்சு வேண்டாம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பட்டன் இருந்தா இருட்டுலயும் விரலே கண்டுபிடிச்சிடும்.

மூணாவது, நம்ம ஏரியாக்காரங்களுக்கு: தண்டவாளத்துப் பக்கம் சிவப்பு, பச்சை டார்ச்ச விளையாட்டுக்கு அடிக்காதீங்க. ரீல்ஸுக்குக் கூட வேண்டாம். உங்களுக்கு அது வெறும் கலர். வர்ற வண்டியில இருக்கிறவருக்கு அது உத்தரவு. அந்த உத்தரவை நம்பித்தான் அவருக்குப் பின்னாடி ஆயிரக்கணக்கானவங்க உட்கார்ந்திருக்காங்க.

அடுத்த தடவை அந்தக் கடைசிப் பெட்டி போகும்போது பச்சை தெரியுதான்னு பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.