குட்டைக் களைக்கொத்து

சரித்திரம் என்றதும் உங்கள் மனத்தில் வாளும் வேலும் வந்து நிற்கும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு களைக்கொத்து.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துச் சாலினஸ் பள்ளத்தாக்கு வளம் மிக்கது. லெட்டூஸ் என்னும் இலைக்காய்க்குப் பேர்போனது. 1942 முதல் 1964 வரை அரசாங்க ஒப்பந்தத்தின் பேரில் மெக்ஸிகோ நாட்டு உழைப்பாளிகள் இலட்சக்கணக்கில் அமெரிக்க வயல்களுக்கு வந்தனர். ஒப்பந்தம் ஒழிந்த பின்னும் அங்கே களையெடுத்தவர்களுள் பெரும்பாலோர் அவ்வினத்தாரே. அவர்களுக்குக் கொடுத்த கொத்தின் பிடி 2 அடிக்கு மேற்படாது. ஸ்பானிய மொழியில் அதனை 'எல் கோர்ட்டீட்டோ', அதாவது 'குட்டையன்' என்பர். இடுப்பை மடித்துப் பகல் முழுதும் குனிந்தாலன்றி அது மண்ணைத் தொடாது.

நீண்ட பிடி போட மரமா கிடைக்கவில்லை? நீண்ட கொத்து பயிரை வெட்டிவிடும் என்றனர் பண்ணை முதலாளிகள். தொழிலாளர் அறிந்த காரணம் வேறு. எவன் நிமிர்ந்தானோ அவன் வேலையை நிறுத்திவிட்டான் என்று மேற்பார்வையாளர் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளலாம்! "நிமிர்ந்து உட்கார்" என்று பிள்ளைகளை அதட்டியே முப்பதாண்டு கழித்தவன் நான். நிமிர்வதே குற்றமான இடத்தைப் பற்றிப் படித்தபோது, சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன்.

1962-இல் ஜனாதிபதி கென்னடி கையொப்பமிட்ட சட்டமொன்று, இடம்பெயர்ந்து உழைக்கும் பண்ணைத் தொழிலாளருக்கு மருத்துவ நிலையங்கள் அமைக்கப் பொருளுதவி அளித்தது. நல்ல சட்டந்தான். ஆயினும், நைந்த முதுகுக்கு மருந்து தடவி, மறுநாளே அதே கொத்துடன் வயலுக்கு அனுப்பினால் நோய் தீருமா?

1966-இல் தோன்றிய 'கலிபோர்னியா கிராமியச் சட்ட உதவி' என்னும் நிறுவனத்தின் இளம் வழக்கறிஞர் மோரிஸ் ஜோர்டேன். தொழிலாளர் அவரிடம் முறையிட்டதோடு நில்லாமல், "நீர் குனிந்து பாரும்" என அறைகூவினர். அவரும் வயலில் இறங்கிக் கொத்தினார். 1972-இல் விண்ணப்பம் எழுந்தது. தொழிலாளர் தம் வலியைச் சொல்ல, மருத்துவர்கள் அவ்வலியின் காரணத்தை விளக்கிச் சாட்சியம் அளித்தனர். தொழிற் பாதுகாப்பு வாரியமோ 1973-இல் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. "ஆபத்தான கைக்கருவி" என்று விதி கூறுவது உடைந்த, பழுதுபட்ட கருவியையே. இக்கொத்தில் பழுதில்லையே என்பது அதன் வாதம்.

வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் ஏறியது. 1975 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: பழுதற்ற கருவியாயினும், வழக்கமாகப் பயன்படுத்தும் முறையினாலேயே உடலைக் கெடுக்குமாயின் அதுவும் ஆபத்தான கருவியே. அவ்வாண்டிலேயே குட்டையன் தடைசெய்யப்பட்டான். லெட்டூஸ் விளைச்சல் நின்றுவிடவில்லை.

ஆனால் சில பண்ணைகளில், "கொத்தே வேண்டாம், கையால் பிடுங்கு" என்றனர். முதுகு மறுபடியும் வளைந்தது. அதற்குக் கட்டுப்பாடு வர 2004 ஆயிற்று.