தானியங்கிச் சேமிப்பு

பயனர் கட்டளையிடாமலே மென்பொருள் ஆவணத்தைப் பதிந்துகொள்ளும் முறை. இது இருவகை. மைக்ரோசொப்ட் வேர்ட் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுக்கும். இம்முறையில் மூலக் கோப்பு மாறாது. கூகுள் டொக்ஸ் தட்டச்சிடும்போதே மூலத்தையே புதுப்பிக்கும்.

இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. திருகோணமலைத் துறைமுகப் பகுதி போன்ற இடங்களில், யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் கடைசிச் சேமிப்புக்குப் பின் அடித்ததெல்லாம் மின்சாரத்தோடு போய்விடும். வரிக்கு வரி கொன்ட்ரோல், எஸ் விசைகளை அழுத்தும் பழக்கம் இத்தகைய அச்சத்தில் வேரூன்றியது. தானியங்கிச் சேமிப்பு அதைத் தளர்த்துகிறது. ஆனால் ரவுட்டரும் அணைந்தால் இணையவழிச் சேமிப்பும் நின்றுவிடும்.

மூலத்தையே புதுப்பிக்கும் வகையில் பாதகமும் உண்டு. பழைய படகுப் பதிவு விண்ணப்பத்தைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுபவர், மூலத்தை அறியாமலே அழித்துவிடலாம். ‘சேமிக்கவா?’ என்ற கேள்வி எழாததால், வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பும் இல்லை. முதலில் பிரதி எடுத்துக்கொள்வதும், பதிப்பு வரலாற்றிலிருந்து பழையதை மீட்பதும் இதற்கான வழிகள்.

சேமிப்பின் சின்னமாக நெகிழ்வட்டின் படம் இன்றும் பல மென்பொருள்களில் எஞ்சியுள்ளது.