அந்த கிளார்க் யாரு?

ட்ரிபிள்-ஈ கடைசி வருஷம் மோட்டார் கன்ட்ரோல் படிச்சவங்களுக்கு 'கிளார்க் டிரான்ஸ்ஃபர்மேஷன்' ஞாபகம் இருக்கும். மூணு ஃபேஸ் கரன்ட்டை ஆல்ஃபா, பீட்டான்னு ரெண்டா சுருக்குற கணக்கு. சமநிலையில மூணோட கூட்டுத்தொகையும் பூஜ்ஜியம், அதனால ரெண்டே போதும். ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணுனோம். பேருக்குப் பின்னால இருக்குற ஆளை எங்க வகுப்புல யாரும் தேடல.

அவர் ஈடித் கிளார்க். 1919-ல் எம்ஐடியில் மின் பொறியியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய முதல் பெண். ஆனா, பொறியாளர் வேலை மட்டும் கிடைக்கல. ஜெனரல் எலெக்ட்ரிக்ல டர்பைன் கணக்கு போடுற பெண்களை மேற்பார்வை பார்க்குற வேலைதான் கிடைச்சது. அப்போ 'கம்ப்யூட்டர்'ங்கிறது மனுஷங்களோட வேலைப் பேரு!

1921-ல், நீளமான மின்பாதைகளோட கணக்கைச் சுலபமாக்குற ஒரு கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சார். அதே வருஷம் வேலையை விட்டுட்டு, துருக்கியில ஒரு பெண்கள் கல்லூரிக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போயிட்டார். 1922-ல் திரும்பி வந்தப்போ, அதே நிறுவனம் அவரைப் பொறியாளராவே எடுத்துக்கிட்டது.

இன்னைக்கு பல எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களோட கன்ட்ரோலர், அவர் பேரு தாங்குன கணக்கை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை போடுது. அடுத்த தடவை அந்தச் சமன்பாட்டைப் பார்த்தா, பட்டம் வாங்கியும் மூணு வருஷம் காத்திருந்த அந்தப் பொறியாளரையும் சேர்த்து நினைச்சுக்கோங்க.