உடன்போக்கும் கரணமும்: கொடுப்போர் இன்றி நடக்கும் திருமணத்தின் வரலாறு

உடன்போக்கு என்பது தலைவனும் தலைவியும் பெற்றோர் அறியாமல் ஊரை விட்டு நீங்கிச் சென்று, இல்வாழ்க்கையைத் தொடங்குவதைக் குறிக்கும் அகப்பொருள் துறை. இன்றைய பேச்சு வழக்கில் இதனை ‘ஓடிப்போதல்’ என்பர். உற்றார் கூட்டமும் பந்தலும் இல்லாமல் இருவர் செய்துகொள்ளும் இத்தகைய மணம் செல்லுமா, அதற்கு யார் சாட்சி, என்ன சடங்கு வேண்டும் என்ற வினாக்கள் தொல்காப்பியர் காலம் முதல் உச்ச நீதிமன்றம் வரை தொடர்ந்து எழுந்துள்ளன. ‘சுயமரியாதைத் திருமணம்’ என்ற பெயரில் இவ்வினாவுக்குத் தமிழகம் தனியே ஒரு சட்ட விடையையும் உருவாக்கியது. அந்த வரலாற்றில் திருச்சிராப்பள்ளிக்கும், அந்நகரின் புத்தூர்ப் பகுதிக்கும் ஓர் இடம் உண்டு.

சங்க இலக்கியத்தில் உடன்போக்கு

களவொழுக்கம் வெளிப்பட்டு, தலைவி வீட்டுக் காவலில் வைக்கப்படும்போதோ அவளுக்கு வேற்று வரைவு வரும்போதோ உடன்போக்கு நிகழ்கிறது. இதற்குத் திட்டமிடுபவள் பெரும்பாலும் தோழியே. அவளே தலைவனிடம் பேசுகிறாள், நேரம் குறிக்கிறாள், தலைவியின் மனத்தைத் தேற்றுகிறாள். போகும் வழி பாலை நிலம். நீரற்ற காடு, ஆறலை கள்வர், வேனில் வெயில் ஆகியவை அவ்வழியின் இயல்புகளாகச் சொல்லப்படுகின்றன.

இத்திட்டத்தின் துயரத்தை நற்றிணையின் 12ஆம் பாடல் காட்டுகிறது. பாடியவர் கயமனார். விடியற்காலையில் தயிர் கடையும் ஒலி கேட்கும் வேளையில் புறப்பட எண்ணிய தலைவி, நடக்கும்போது ஒலிக்கும் என்பதால் தன் காற்சிலம்பைக் கழற்றுகிறாள். அதனைத் தன் பந்தோடு ஓரிடத்தில் வைக்கப் போகும்போது, இவற்றைக் காணும் தன் தோழியர் வருந்துவார்களே என்று நினைத்து அழுகிறாள். அவள் நிலையைத் தோழி தலைவனுக்கு எடுத்துரைக்கிறாள்.

சிலம்புக்கு மணவுரிமையோடு தொடர்பு உண்டு. மணத்திற்கு முன் பெண்ணின் காற்சிலம்பை நீக்கும் ‘சிலம்புகழி நோன்பு’ என்னும் சடங்கு அக்காலத்தில் இருந்தது. குறுந்தொகையின் 7ஆம் பாடலில், வழியில் செல்லும் இருவரைக் கண்டோர், ஆணின் காலில் கழலையும் பெண்ணின் காலில் சிலம்பையும் காண்கின்றனர். சிலம்பு இன்னும் கழலவில்லை என்பதிலிருந்தே அவர்கள் மணமாகாமல் உடன்போகிறவர்கள் என்பது விளங்கிவிடுகிறது.

ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதி உடன்போக்கை வரிசையாக அமைக்கிறது. மகளைப் பிரிந்த தாயின் இரக்கம் ஒரு பத்து. இடைவழியில் நிகழும் உரையாடல்கள் ஒரு பத்து. மீண்டு வருதலைக் கூறும் ‘மறுதரவுப் பத்து’ இறுதிப் பத்து. இவற்றுள் 399ஆம் பாடல் வரலாற்று நோக்கில் முக்கியமானது. தலைவனின் வீட்டில் சிலம்புகழி நோன்பு நடந்துவிட்டாலும், வதுவை மணத்தையாவது எம் வீட்டில் நடத்தக் கூடாதா என்று நற்றாய் கேட்டனுப்புகிறாள். மகள் போனதைத் தடுக்க முடியாத தாய், சடங்கில் தனக்குரிய பங்கை மட்டும் கேட்கிறாள்.

கலித்தொகையின் 9ஆம் பாடலில், மகளைத் தேடிச் செல்லும் செவிலி எதிரே வரும் துறவியரிடம் விசாரிக்கிறாள். மலையில் பிறந்தாலும் சந்தனம் மலைக்குப் பயன்படுவதில்லை, கடலில் பிறந்தாலும் முத்து கடலுக்குப் பயன்படுவதில்லை. மகளும் அப்படியே என்று கூறி, அவள் சென்றது அறமே என அவர்கள் தேற்றுகின்றனர். உடன்போக்கு இலக்கியத்தில் குற்றமாக அல்லாமல், ஏற்கத்தக்க வழியாகவே காட்டப்பட்டது என்பதற்கு இப்பாடல் சான்று.

தொல்காப்பியம் கூறும் கரணம்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கற்பியல், கற்பு என்பது கரணத்தோடு, அதாவது மணச் சடங்கோடு, பெண்ணைக் கொடுப்பதற்கு உரியவர் கொடுக்கப் பெறுவது என்று வரையறுக்கிறது. அதற்கு அடுத்த நூற்பாவிலேயே ஒரு விலக்கையும் தருகிறது. இருவரும் உடன்போன காலத்தில், கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டு என்கிறது. பெற்றோர் இசைவு இல்லை என்பதற்காக மணம் இல்லாமல் போவதில்லை; ஆனால் கரணம் இல்லாமலும் மணம் இல்லை என்பதே இவ்விரு விதிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் பொருள்.

கரணம் ஏன் தோன்றியது என்பதற்கும் கற்பியல் காரணம் கூறுகிறது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்பது அந்நூற்பாவின் கருத்து. பெண்ணோடு கூடியபின் அவளை அறியேன் என்று கூறுவதைப் பொய் என்றும், ஏற்றுக்கொண்டபின் கைவிடுவதை வழு என்றும் உரையாசிரியர்கள் விளக்குவர். ஆகவே கரணத்தின் நோக்கம் கைவிடப்படுவதிலிருந்து காப்பது.

அக்காலச் சடங்கு எளிமையானது. அகநானூற்றின் 86ஆம் பாடலில் பந்தலிட்டு, புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, நல்ல நாளின் விடியலில், மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை வாழ்த்தி நீராட்டுகின்றனர். அங்கே தீ வலம் வருதல் இல்லை. பார்ப்பான் வழிகாட்டத் தீவலம் செய்யும் திருமணத்தைச் சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் காண்கிறோம். அக்காப்பியத்தின் கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில் திருவரங்கத்தையும் உறையூரையும் கடந்து சென்றனர்.

கிரெட்னா கிரீனில் ஓர் ஒப்புமை

இதே வினா ஐரோப்பாவிலும் எழுந்தது. 1753ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம், தேவாலயத்தில் முறைப்படி நடக்காத மணங்களைச் செல்லாதவை ஆக்கியது. 21 வயதுக்கு உட்பட்டோர் உரிமம் பெற்று மணக்கப் பெற்றோரின் இசைவு தேவைப்பட்டது. இச்சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தவில்லை. அங்கே சாட்சிகள் முன்னிலையில் இருவரும் தம்மைக் கணவன் மனைவியாக அறிவித்தாலே போதும். எனவே எல்லையை ஒட்டிய கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூர் ஓடிவந்த இணையர் மணக்கும் இடமாயிற்று. ஊர்க் கொல்லரின் பட்டறைக் கல் அம்மணங்களின் அடையாளம் ஆனது. 1856ஆம் ஆண்டுச் சட்டம் 21 நாள் தங்கல் கட்டாயம் என்றது. அறிவிப்பு முறையிலான மணம் 1940இல் முடிவுக்கு வந்தது.

சுயமரியாதைத் திருமணத்தின் தோற்றம்

பிரித்தானிய இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் பதிவு மணத்திற்கு வழி செய்தது. ஆனால் மணமக்கள் தாம் இந்து முதலிய மதங்களைச் சேர்ந்தவர் அல்லர் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. 1923ஆம் ஆண்டுத் திருத்தம் இந்துக்கள் அவ்வாறு அறிவிக்காமலே அச்சட்டத்தின்கீழ் மணக்க இடம் தந்தது.

பெரியார் ஈ. வெ. ராமசாமியின் சுயமரியாதை இயக்கம் வேறு வழியில் சென்றது. 1928ஆம் ஆண்டு மே 28 அன்று அருப்புக்கோட்டை அருகிலுள்ள சுக்கிலநத்தம் ஊரில் அவர் தலைமையில் நடந்ததே முதல் சுயமரியாதைத் திருமணமாகக் குறிப்பிடப்படுகிறது. புரோகிதரும் வேத மந்திரமும் இல்லை. தலைவர் ஒருவர் முன்னிலையில் மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்வர். சாதி மறுப்பு மணங்களும் விதவை மறுமணங்களும் இம்முறையில் நடந்தன. நல்ல நேரம் பார்க்கும் வழக்கத்தை மறுக்க, இராகு காலத்திலும் திருமணங்கள் நடத்தப்பட்டன. ‘குடி அரசு’ இதழ் இச்செய்திகளை வெளியிட்டது.

இவை உடன்போக்கு அல்ல; பெரும்பாலும் ஊரறிய நடந்த பொதுக்கூட்டங்கள். ஆயினும் புரோகிதர், கோயில், முகூர்த்தம், கன்னிகாதானம் எதுவும் இன்றி மணம் முழுமை பெறும் என்ற கருத்தை இவையே பரப்பின. வீட்டார் துணையின்றி மணக்க நேர்ந்தவர்களுக்கு இவ்வடிவம் பின்னாளில் பயன்பட்டது.

சட்டச் சிக்கல்

சமூகம் ஏற்றாலும் நீதிமன்றம் ஏற்கவில்லை. தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் என்ற வழக்கில், இந்துச் சட்டம் கேட்கும் சடங்குகளும் இல்லை, நெடுங்கால வழக்காறு என்ற நிலையும் இல்லை என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மணம் செல்லாது என்றது. இத்தீர்ப்பு 1954ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியாயிற்று. இதன் விளைவு கொள்கை அளவில் நிற்கவில்லை. இம்முறையில் மணந்த பெண்களின் மனைவி என்ற தகுதியும், அவர்கள் பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாயின. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் 7ஆம் பிரிவில் வழக்காற்றுச் சடங்குகளையே கேட்டது.

புத்தூரும் 1967ஆம் ஆண்டுச் சட்டமும்

உறையூரை அடுத்துள்ள புத்தூர் திருச்சியின் பழைய குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று. பெரியார் தம் பிற்கால வாழ்வில் நெடுநாள் தங்கிய ‘பெரியார் மாளிகை’ இங்குள்ளது. 1952இல் பதிவு செய்யப்பட்ட பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனத்தின் பணிகளும் இங்கிருந்து நடந்தன.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. வென்றதும், சி. என். அண்ணாதுரை பதவியேற்பதற்கு முன்பே திருச்சிக்கு வந்து பெரியாரைச் சந்தித்தார். 1949இல் பிரிந்த இருவரிடையே ஏற்பட்ட இச்சந்திப்பு அரசியல் வரலாற்றில் பெரிதும் பேசப்படுவது. அதே ஆண்டு அண்ணாதுரை அரசு இந்து திருமணச் சட்டத்திற்குத் திருத்தம் கொண்டுவந்தது. 1968ஆம் ஆண்டு சனவரி 20 முதல் 7-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது.

இப்பிரிவின்படி உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் பின்வருவனவற்றுள் ஒன்று நடந்தால் மணம் செல்லும்:

- மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாக அறிவித்தல்
- மாலை மாற்றுதல் அல்லது விரலில் மோதிரம் அணிவித்தல்
- தாலி கட்டுதல்

மூன்றும் ‘அல்லது’ என்ற சொல்லால் இணைக்கப்பட்டுள்ளதால் தாலி கட்டாயம் இல்லை. சட்டம் வருவதற்கு முன் இம்முறையில் நடந்த மணங்களும், சில விலக்குகளுக்கு உட்பட்டு, செல்லத்தக்கவை ஆக்கப்பட்டன. மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால் மட்டுமே இப்பிரிவு பொருந்தும். மதம் கடந்த மணங்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் உள்ளது. அதில் 30 நாள் அறிவிப்பும் மூன்று சாட்சிகளும் தேவை. அந்த அறிவிப்பு அலுவலகத்தில் பலர் பார்க்க ஒட்டப்படுவதால், எதிர்ப்புக்கு அஞ்சும் இணையருக்கு அது இடராக அமைகிறது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

2001இல் நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கில், தமிழகத்தில் 7-ஏ பிரிவின்படி நடந்த மணத்திற்கு ஏழடி நடக்கும் சப்தபதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. முதல் மனைவி இருக்க மறுமணம் செய்தவர், சப்தபதி நடக்காததால் இரண்டாவது மணமே நிகழவில்லை என்று வாதிட்டார். அவ்வாதம் ஏற்கப்படவில்லை. எளிய சடங்கைப் பொய்க்கு மறைவிடமாக்க முடியாது என்பது இதனால் உறுதியானது.

2014இல் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் அலுவலகங்களில் மறைவாக நடக்கும் மணங்கள் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று இளவரசன் வழக்கில் அக்கருத்தை மாற்றியது. மணம் ஊரறிய நடக்க வேண்டும் என்று 7-ஏ பிரிவு கேட்கவில்லை. குடும்ப எதிர்ப்பை எதிர்கொள்ளும் இணையரிடம் அதைக் கேட்பது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று கூறியது. வழக்கறிஞர்கள் தொழில் முறையில் மணம் நடத்திவைக்கக் கூடாது. நண்பராகச் சாட்சி நிற்கலாம் என்றும் விளக்கியது.

இந்த ஆபத்து கற்பனை அல்ல. 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த பொறியியல் மாணவர் ஒருவர் பட்டப்பகலில் கடைவீதியில் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்த மனைவி படுகாயமடைந்தார். 2018ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில், வயது வந்த இருவரின் மணத்திற்குக் குடும்பத்தின் இசைவு தேவையில்லை என்று கூறிய உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவுகளும் பாதுகாப்பு இல்லங்களும் அமைக்குமாறு வழிகாட்டியது.

இன்றைய நிலை

மேலை நாடுகளில் ‘ஓடிப்போய் மணத்தல்’ என்ற சொல் இப்போது பொருள் மாறியுள்ளது. சில நண்பர்களோடு மலையிலோ காட்டிலோ நடத்தும் சிறு திருமணத்தையே அது பெரிதும் குறிக்கிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இதற்குத் தனி அனுமதி பெற வேண்டும். ராக்கி மலைத் தேசியப் பூங்கா அமைந்த கொலராடோ மாநிலத்தில், நடத்திவைப்பவர் இல்லாமல் மணமக்களே தம் மணத்தை முடித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

தமிழகத்தில் முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, கிண்டி, மன்னார் வளைகுடா ஆகிய ஐந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வு, ஒளிப்படம், சுற்றுலா முதலிய நோக்கங்களுக்கே நுழைவு அனுமதி தருகிறது. மண நிகழ்ச்சி அப்பட்டியலில் இல்லை. ஆனால் 7-ஏ பிரிவு இடம் எதையும் வரையறுக்கவில்லை. காவிரிக் கரையிலும் தோப்பிலும் வீட்டு முற்றத்திலும் நடக்கும் மணம் மண்டபத்தில் நடப்பதற்கு நிகரானதே. கட்டாயமானவற்றுள் நான்கு: மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைவு, வாழும் துணை வேறு இல்லாமை, தடுக்கப்பட்ட உறவுமுறைக்குள் அமையாமை, பிறர் முன்னிலை. இருவர் மட்டும் தனியே மாலை மாற்றிக்கொண்டால் போதாது.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 இன்படி மணம் நடந்த 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவு என்பது சான்று மட்டுமே. சடங்கே நடக்காத நிலையில் சான்றிதழ் மட்டும் மணமாகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியது. கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டு, கரணம் இன்றி மணம் இல்லை என்ற கற்பியல் விதியும் இன்றைய சட்டமும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன.