ஊவாத் தோட்டங்களில் மொழியும் மூதாதையர் நினைவும் வழிபாடும்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் ஆவணங்களை நாடுவது வழக்கம். ஆயின், நெடுங்காலம் கல்வி எட்டாதிருந்த, பிறர் எழுதிய பேரேடுகளில் வெறும் பெயராகவும் எண்ணாகவும் மட்டுமே இடம்பெற்ற மக்களின் வரலாற்றுக்கு ஆவணம் எது? ஊவா மாகாணத்துத் தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை அவர்தம் பேச்சும், ஊர் நினைவும், தெய்வ வழிபாடுமே அத்தகைய ஆவணங்கள் எனலாம். இம்மூன்றும் தனித்தனியே நிற்பனவல்ல; ஒன்றையொன்று தாங்கி நிற்பன.

1817-1818 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கிய முறை அப்பிரதேசத்தின் கிராமங்களையும் வயல்களையும் சிதைத்தது. பின்னர் 1840 இல் இயற்றப்பட்ட முடிக்குரிய நிலச் சட்டம், குடிகள் உரிமையை நிறுவ இயலாத காடுகளையும் தரிசுகளையும் அரசின் உடைமையாக்கிற்று. அந்நிலங்களிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் வந்தனர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. கோப்பி பருவகாலத்திற்கு மட்டும் ஆள் வேண்டியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகளை வேண்டியது. எனவே வந்துபோன கூட்டம் குடும்பங்களாய் நிலைத்த சமுதாயமாயிற்று. புகையிரதப் பாதை 1924 இல் பதுளையை எட்டுமுன்னரே பசறை, நமுணுகுலை, மடுல்சீமை, லுணுகலை, தெமோதரை, அப்புத்தளை ஆகிய இடங்களிலெல்லாம் லயன் காம்பறாக்கள் எழுந்துவிட்டன.

இக்குடியேற்றத்தின் அச்சாணியாக விளங்கியவர் கங்காணி. அவர் தம் உறவினரையும் ஊராரையுமே பெரும்பாலும் அழைத்து வந்தார். ஆகவே தமிழகத்துச் சிற்றூர் ஒன்றின் உறவுமுறையும், சாதிப் படிநிலையும், குலதெய்வமும் ஒருசேர மலைக்கு வந்தன. மொழி நிலைபெற்றமைக்கும் இதுவே அடிப்படைக் காரணமாகும்.

இதனை மொரிசியசுடன் ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். அங்கும் தமிழர் ஒப்பந்தத் தொழிலாளராய்ச் சென்றனர். காவடியும் தீமிதியும் அங்கு இன்றும் சிறப்புற நடைபெறுகின்றன. ஆயின் தமிழ்வழியினருட் பெரும்பாலோரின் வீட்டுமொழி கிரியோலாகிவிட்டது. வழிபாடு பிழைத்தது, மொழி தேய்ந்தது. ஊவாவிலோ இரண்டும் பிழைத்தன. குறுகிய கடலைக் கடந்து ஊர் சென்று மீளும் வாய்ப்பு இருந்தமையும், தோட்டம் ஒரு மூடிய உலகமாய் அமைந்தமையும் இதற்குத் துணைபுரிந்தன. மக்களைச் சிறைப்படுத்திய அதே வேலி அவர்தம் மொழியையும் காத்தது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

காத்த மொழி மாறாத மொழியன்று. காலை ஆட்கணக்கெடுப்புக்குப் ‘பிரட்டு’, வரிசை வீட்டுக்கு ‘லயம்’, ஆலைச் சக்கரத்துக்கு ‘ரோதை’, தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குவதற்குக் ‘கவ்வாத்து’, கங்காணியின் கடன்கணக்கு எழுதிய விடுகைச் சீட்டுக்குத் ‘துண்டு’ என ஒரு தனிச் சொற்றொகுதியே உருவாயிற்று. இவற்றுட் பிரட்டும் லயமும் ஆங்கில வழி வந்தவை. ரோதை போர்த்துக்கேய மூலமுடையது. துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தோட்டத் துரைமார் தொழிலாளரை ஏவுதற்கெனத் தமிழ் பயின்றனர். 1915 இல் வெல்ஸ் என்பார் எழுதிய அத்தகைய கைந்நூல் ஒன்றின் தலைப்பே ‘கூலித் தமிழ்’ என்பதாம். அவ்விழிபெயரையே தம் ஆய்வுநூலுக்குத் தலைப்பாக்கி 2014 இல் வெளியிட்டார் பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தன். இழிவின் சொல் ஆராய்ச்சியின் பொருளானமை கருதத்தக்கது.

வழிபாட்டிலும் இத்தகைய பழமையும் புதுமையும் இணைந்தே காணப்படுகின்றன. மாரியம்மனும், முனியாண்டியும், மதுரை வீரனும் ஊரிலிருந்து உடன்வந்த தெய்வங்கள். மரத்தடியில் நட்ட கல்லும் சூலமுமே முதலிற் கோயில்களாய் இருந்தன. கரகமும் காவடியும் தீமிதியும் அம்மன் திருவிழாவின் அங்கங்களாயின. மாசி மாத வளர்பிறையில் நடைபெறும் காமன் கூத்தில் சிவன் மன்மதனை எரித்தலும், ரதியின் புலம்பலும், அவன் மீண்டெழுதலும் தோட்டத்தையே அரங்காக்கி ஆடப்பெறுகின்றன. ஊவா மாகாணத்திலேயே அமைந்த கதிர்காமம், சிங்கள மக்களும் முஸ்லிம்களும் வந்து கூடும் தலமாகவும், தோட்ட மக்களின் யாத்திரைத் தலமாகவும் விளங்குகின்றது.

இவற்றினும் கவனத்திற்குரியவை தோட்டமே ஈன்ற தெய்வங்கள். ஆலை இயந்திரங்களுக்குக் காவலாக ‘ரோதை முனி’ வணங்கப்படுகின்றார். கவ்வாத்துத் தொடங்குமுன் கத்தி வெட்டோ வேறு தீங்கோ நேராதிருக்கக் ‘கவ்வாத்துச் சாமி’ கும்பிடப்படுகின்றது. இராமநாதபுரத்துக் கண்மாய்க் கரையில் இத்தெய்வங்கள் இல்லை. கைகளை விழுங்கக்கூடிய சக்கரமும், கூரிய கத்தியும், பனிபடர்ந்த சரிவுமே இவற்றைப் பிறப்பித்தன. ஒரு மக்கள் தாம் வாழும் மண்ணில் தெய்வத்தைக் கண்டுகொள்வது, அம்மண்ணைத் தமதாக ஏற்றுக்கொண்டமைக்குச் சான்றன்றோ?

ஆனால் சட்டம் இச்சான்றை ஏற்கவில்லை. 1911 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பு இம்மக்களை ‘இந்தியத் தமிழர்’ எனத் தனியே வகுத்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இலங்கையிற் பிறந்தவரிடம் அவர் தந்தையும் இங்குப் பிறந்தமைக்கான சான்றை, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இங்குப் பிறந்தமைக்கான சான்றைக் கேட்டது. பதிவுத் தாள்கள் இல்லாத லயங்களில் இது பெரும்பாலோர்க்கு இயலாததாயிற்று. மூதாதையரின் ஊர்ப்பெயரைத் தலைமுறைதோறும் சொல்லிக் காத்தமையே அவர்கள் அந்நியர் என்பதற்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. 1964 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒப்பந்தங்களின் வழி இந்தியா சென்றோரின் குடும்பங்கள் பல இரண்டாகப் பிரிந்தன. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறிற்று.

மூதாதையர் நினைவையும் நாட்டுப்பற்றையும் ஒன்றுக்கொன்று பகையாக வைத்ததே இக்கொள்கையின் அடிப்படைப் பிழையாகும். மதுரை வீரனை வணங்கும் கையே ரோதை முனிக்கும் கற்பூரம் ஏற்றுகின்றது. முன்னது எங்கிருந்து வந்தோம் என்பதையும், பின்னது எங்கு வாழ்கின்றோம் என்பதையும் கூறுகின்றது. இரண்டையும் இணைத்தே ‘மலையகத் தமிழர்’ என்னும் பெயரை இம்மக்கள் தாமே தமக்குச் சூட்டிக்கொண்டனர்.

இன்று இவ்வழிபாடுகள் வேறொரு மாற்றத்திற்கு உள்ளாகின்றன. கல்லும் சூலமும் இருந்த இடங்களிற் கோபுரங்கள் எழுகின்றன. பூசாரியின் இடத்தை ஆகமக் குருக்கள் பெறுகின்றார். இம்மாற்றத்தைச் சமூக உயர்வாகக் கருதுவோரும் உளர். அவர்தம் விருப்பம் இகழத்தக்கதன்று. ஆயினும் தப்பிசையைச் சாதியிழிவின் அடையாளமென ஒதுக்கும்போது, அதனை முழக்கிய கைகளின் வரலாறும் உடன் ஒதுக்கப்படுகின்றது. ஒழிய வேண்டியது அக்கலைமீது சுமத்தப்பட்ட இழிவேயன்றிக் கலையன்று.

2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியது. வீட்டோடு வாய்மொழி வரலாறும் புதையுண்டு போகும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. முதியோர் வாயில் மட்டுமே வாழும் சொற்களையும், கூத்துப் பாடல்களையும், தெய்வக் கதைகளையும் எழுத்திற் பதிவுசெய்வது பல்கலைக்கழகத் தமிழ் மாணாக்கர்க்குரிய பணியாகும். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த தலைமுறைக்கு அது கடனுமாகும். சட்டம் கேட்டபோது காட்டுவதற்குத் தாள் இல்லாதிருந்த மக்களுக்கு, இனியேனும் தம் கையால் எழுதிய வரலாறு ஒன்று வேண்டும்.