காரைக்கால்: எண்பத்தோர் ஊர்களின் எல்லை

காரைக்கால் என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது, பேயுருவம் வேண்டிப் பெற்ற அம்மையாரும் ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவுமே. இணுவிலிலும் காரைக்கால் என்னும் பெயர் பெற்ற சிவன் கோயில் உண்டாகையால், அப்பெயர் நமக்கு அயலானதன்று. ஆயினும் அவ்வூர் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பிரெஞ்சுக்காரர் கொடியின் கீழ் இருந்ததென்பதை நம் வாலிபர் பலர் அறியார். பள்ளியிலே பிரெஞ்சுப் புரட்சியை மனனஞ் செய்த நாமும் அண்மைக்காலம் வரை அறிந்திலோம்!

நமக்கு எதிர்க்கரையில், நாகபட்டினத்துக்குச் சற்று வடக்கே, காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலோடு கலக்குமிடத்தருகே உள்ளது இந்நகர். சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துப் பரப்பு ஏறக்குறைய 160 சதுர கிலோமீற்றர். நெல் விளையும் வண்டல் நிலம். சனீசுவரன் சந்நிதியாற் புகழ்பெற்ற திருநள்ளாறும் இதனுள் அடங்கும். வடக்கே தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை தென்மார்க்கரிடம் இருந்தது. தெற்கே நாகபட்டினத்தை ஒல்லாந்தர் 1658இற் கைப்பற்றினர். யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் கைக்குப் போனதும் அதே ஆண்டிலேதான். இவ்விரண்டுக்கும் நடுவே புகுந்தவர் பிரெஞ்சுக்காரர்.

புகுந்த விதம் போரன்று, கொடுக்கல் வாங்கல். 1738இல் தஞ்சை அரசுரிமைப் பூசலில் அல்லற்பட்ட சாகுஜி மன்னன், புதுச்சேரிக் கவர்னர் தூமாவிடம் பொருளுதவி வேண்டினான். நாற்பதினாயிரம் சக்கரத்துக்குக் காரைக்காலும் அருகிருந்த கோட்டையும் ஐந்து ஊர்களும் தருவதாகப் பேச்சு. அரியணை உறுதியானதும் மன்னன் சொல் மாறினான். ஈற்றில் சந்தா சாகிபுவின் துணையோடு 1739 பெப்ரவரி 14ஆந் திகதி பிரெஞ்சுக்காரர் அதனைக் கைக்கொண்டனர். பிரதாபசிங்கன் காலத்தில் ஊர்கள் பெருகி எண்பத்தொன்றாயின. உழுதவனை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதன்பின் ஐரோப்பாவிலே போர் மூளுந்தோறும் காரைக்கால் கை மாறியது. 1760இல் ஆங்கிலேயர் பிடிப்பதும், உடன்படிக்கையின்பின் திருப்பிக் கொடுப்பதும், மீண்டும் பிடிப்பதுமாய் அரை நூற்றாண்டு கழிந்தது. 1817இல் இறுதியாகத் திரும்பக் கிடைத்தபோது, இனிக் கோட்டை கட்டலாகாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. துறைமுகம் மட்டும் ஓய்ந்ததில்லை. அதே நூற்றாண்டில் ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்த் தமிழர் ஏறிச் சென்ற துறைகளுள் இதுவுமொன்று.

நிருவாகத்திலே ஒரு புதுமையுண்டு. 1871 முதல் பிரெஞ்சிந்தியர் பாரிஸ் பாராளுமன்றத்துக்குத் தம் பிரதிநிதியைத் தேர்ந்தனர். நமக்குச் சர்வசன வாக்குரிமை கிட்டியதோ 1931இல். அவர்களைக் கண்டு பொறாமைப்பட வேண்டியதில்லை. 1884இல் வாக்காளரை மூன்று பட்டியல்களாகப் பிரித்து, சிறு தொகையினரான ஐரோப்பியர்க்குத் தனிப் பட்டியல் அளித்தனர். 1880இல் தோன்றிய கொம்யூன் என்னும் நகரசபை முறையின் பெயர் மாத்திரம் இன்னும் நிலைத்துள்ளது: காரைக்கால் நகராட்சி நீங்கலான பகுதி, திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளாக உள்ளது.

1949இற் சந்திரநாகூர் மக்கள் தாமே வாக்களித்து இந்தியாவோடு சேர்ந்தனர். காரைக்காலார்க்கு அவ்வாய்ப்பில்லை. 1954 ஒக்டோபரில் கீழூரிற் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நவம்பர் 1ஆந் திகதி ஆட்சி மாறியது. சட்டப்படியான மாற்றம் நிறைவுற 1962 ஆகஸ்ட் ஆயிற்று.

ஆனால் 1956இல் ஒப்பமிட்ட உடன்படிக்கையில், நம் கருத்தில், ஏனைய யாவற்றினும் பெறுமதியான வாசகமொன்று இடம்பெற்றது. இப்பகுதிகளின் தனி நிருவாக நிலையை மாற்றுவதாயின் மக்கள் விருப்பத்தை அறிந்தே மாற்றவேண்டும் என்பது அது. நம் யாழ்ப்பாணத்தை 1833இல் ஆங்கிலேயர் வடமாகாணமாக்கிக் கொழும்போடு பிணைத்தபோது இப்படியொரு வரி எழுதுவாரில்லை.

அவ்வரி ஏட்டுச்சுரைக்காயாய்ப் போகவில்லை. 1979இல் இந்தியப் பிரதமர் மொரார்ஜி தேசாய் இப்பகுதிகளை அண்டை மாநிலங்களோடு சேர்க்கும் எண்ணத்தை வெளியிட்டார். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கிளர்ச்சி மூண்டது, எண்ணங் கைவிடப்பட்டது. தமிழ்நாடு மூன்று புறமும் சூழ்ந்திருக்க, நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள புதுச்சேரியின் ஆட்சியிலேயே காரைக்கால் இன்றும் இருந்து வருகிறது.