கேமராவுக்கும் லினக்ஸுக்கும் நடுவே ஒரு கேபிள்

போன மாதம் புனே வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய டிஜிட்டல் கேமரா கிடைத்தது. 2004-ல் வாங்கியது, 3.2 மெகாபிக்சல். நாலு பென்சில் பேட்டரி போட்டு லினக்ஸ் மடிக்கணினியில் கேபிளைச் செருகினேன். அடுத்த நொடி திரையில் கேமரா படம் வந்து நின்றது. இதே கேபிள் 2004-ல் என்னை மூன்று ராத்திரி தூங்க விடவில்லை!

மகளின் முதல் பிறந்தநாளுக்கு அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். கேமராவோடு வந்த மெமரி கார்டு வெறும் 16 எம்.பி. கேக் வெட்டி முடிப்பதற்குள் நிரம்பிவிட்டது. கணினியில் இறக்கினால்தான் அடுத்த படம். என் பொட்டியிலோ பிசி குவெஸ்ட் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் மட்டும்தான். ஆபீஸ் கணினியில் எதையும் நிறுவ அனுமதி கிடையாது. ஊருக்குப் போகும்போது பேத்தி படம் பிரிண்ட் போட்டுக் கையில் கொண்டுபோக வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. ரயிலுக்கு நாலு நாள் இருந்தது. "ஏல, ஃபிலிமே இல்லைன்னா அப்புறம் எதைக் கழுவக் குடுக்க?" என்று தினமும் ஒரு தடவை கேட்பார்.

அந்தக் காலக் கேமராக்களில் இரண்டு ஜாதி. ஒன்று, கணினியிடம் "நான் ஒரு டிஸ்க்" என்று வேஷம் போடும். 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4 கெர்னலில் யுஎஸ்பி ஆதரவு ஒழுங்காக வந்துவிட்டதால், அதை எஸ்.டி.ஏ.1 என்று மவுண்ட் செய்து படங்களை நகலெடுத்தால் தீர்ந்தது. இன்னொரு ஜாதி தனக்கென்று ஒரு ரகசிய பாஷை பேசும். அந்த பாஷை புரிய, பெட்டியில் வந்த சிடியை விண்டோஸில் போட வேண்டும். என்னுடையது எந்த ஜாதி என்று சொல்லவும் வேண்டுமா :-)

அந்த ரகசிய பாஷையைப் புரிந்துகொள்ளத்தான் ஜிஃபோட்டோ. 1998 வாக்கில் ஸ்காட் ஃப்ரிட்சிங்கர் தொடங்கியது. அப்போது யுஎஸ்பிகூடப் பரவலாகவில்லை. கேமராக்கள் சீரியல் போர்ட்டில்தான் செருகப்பட்டன, ஒரு படம் வந்து சேர்வதற்குள் காபி குடித்துவிட்டு வரலாம். பல கம்பெனிகள் விவரக் குறிப்பு தர மறுத்தன. அதனால் இவர்கள் செய்தது ஒட்டுக்கேட்பு. விண்டோஸில் அந்தக் கம்பெனி மென்பொருளை ஓடவிட்டு, கேபிளில் போகும் பைட்டுகளைப் பதிவு செய்து, இது "பட்டியல் கொடு", இது "மூன்றாவது படத்தை அனுப்பு" என்று ஊகித்து நிரல் எழுதினார்கள். கேமரா வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு மாடலாகச் சேர்த்தார்கள், சம்பளம் ஏதுமில்லாமல். பிறகு அதைத் திருத்தி எழுதி லிப்ஜிஃபோட்டோ2 என்ற நூலகமாக்கினார்கள். எந்த நிரலும் அதை அழைத்துக் கேமராவோடு பேசலாம். ரெஞ்சி ராஜு தொடங்கிய டிஜிகேம்கூட முதலில் இதற்கு ஒரு முகப்பாகத்தான் பிறந்தது.

சரி, என் கதைக்கு வருவோம். முதல் ராத்திரி, சிடியில் இருந்த லிப்ஜிஃபோட்டோவுக்கு என் கேமராவைத் தெரியவில்லை. நூலகத்தைவிடக் கேமரா புதுசு. புதிய மூல நிரலை டயல்அப்பில் இறக்கினேன். இரண்டாம் ராத்திரி, அது லிப்யுஎஸ்பி கேட்டது, லிப்எக்சிஃப் கேட்டது. ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்து விடியற்காலை நாலு மணிக்குப் படப் பட்டியல் வந்தது, ஆனால் ரூட்டாக நுழைந்தால் மட்டும். என் பெயரில் நுழைந்தால் அனுமதி இல்லை என்றது. யுஎஸ்பியில் செருகும் கருவி எல்லாம் ரூட்டுக்கே சொந்தம் என்பது அப்போதைய நியதி. ஹாட்பிளக் என்ற ஸ்கிரிப்ட் தொகுப்பில் யூசர்மேப் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் கேமராவின் தயாரிப்பாளர் எண்ணும் மாடல் எண்ணும் இருந்தால்தான் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் கருவியைக் கைமாற்றிக் கொடுக்கும். அந்த ஒரு வரியைச் சேர்க்க எனக்கு மூன்றாம் ராத்திரி. ரூட்டாகவே இறக்கியிருக்கலாமே என்றால், இறக்கியிருக்கலாம். கார்டு ரீடர் ஒன்று வாங்கியிருந்தால் பத்தே நிமிடத்தில் முடிந்திருக்கும் என்பதும் பிற்பாடுதான் உறைத்தது. வீம்பு, வேறென்ன!

நாலாம் நாள் காலையில் படங்களைச் சிடியில் எழுதி ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டேன். ரயில் கிளம்பும் முன் அப்பா கையில் கவர் போய்ச் சேர்ந்தது.

அதற்குள்ளேயே காற்று மாறிக்கொண்டிருந்தது. 2000-த்தில் பிடிபி என்ற பொது பாஷைக்குத் தரம் வகுத்திருந்தார்கள். 2005-ல் அது ஐஎஸ்ஓ தரமும் ஆனது. கம்பெனிகள் ஒவ்வொன்றாக அதற்கு மாற, மாடலுக்கு ஒரு ஒட்டுக்கேட்பு என்ற நிலை தளர்ந்தது. 2003-ல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் கொண்டுவந்த யுடெவ், ஹாட்பிளக் தலைவலியை மெல்ல ஓரங்கட்டியது. அடுத்து 2011 வாக்கில் ஆண்ட்ராய்டு, டிஸ்க் வேஷத்தை விட்டு எம்டிபிக்கு மாறத் தொடங்கியது. எம்டிபி என்பது பிடிபியை நீட்டியதுதான். லினக்ஸில் அதற்காக இருக்கும் லிப்எம்டிபி, பிடிபி பேசும் பகுதியை லிப்ஜிஃபோட்டோவிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. ஆகவே உங்கள் போனிலிருந்து லினக்ஸுக்குக் கல்யாணப் படங்களை இறக்கும்போது ஓடுவதும் அந்தக் கேமராக்காரர்களின் நிரல்தான். இன்று அந்த நூலகத்துக்கு 2,500-க்கும் மேற்பட்ட கேமராக்கள் தெரியும். யாரும் கூப்பிட்டுச் சொல்லாததால், என் பழைய மாடலும் பட்டியலில் இருந்து கழற்றிவிடப்படவில்லை.

கேமராவோடு வந்த சிடியும் பரணில் அதே உறையில் இருந்தது. விண்டோஸ் 98, எக்ஸ்பிக்கு என்று அச்சடித்திருக்கிறது. மகளுக்கு இப்போது இருபது தாண்டிவிட்டது. சிடி போடும் வாய் அவள் மடிக்கணினியில் இல்லவே இல்லை.

கார்டில் அழிக்காமல் விட்ட நாலு படங்கள் இருந்தன. சரியாக வரவில்லை என்று அன்றைக்கு நான் இறக்காமல் விட்டவை. மூன்றில் கேக் கலங்கலாக இருக்கிறது. நாலாவதில் அப்பா, பேத்தியை மடியில் வைத்தபடி, ஃபிளாஷுக்குக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இந்தத் தடவை நாலையும் இறக்கிக்கொண்டேன்.